வீக்கம் வடியும் வழி

உடலின் ஓரிடத்தில் கிருமி நுழைந்தோ காயம் பட்டோ அழற்சி தோன்றும்போது அவ்விடம் வீங்குவதற்குக் காரணம், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் நெகிழ்ந்து, நீரும் புரதமும் வெள்ளையணுக்களும் திசுவுக்குள் கசிவதே ஆகும். இக்கசிவை உறிஞ்சி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர் நாளங்கள். வந்த கிருமி இன்னதென்று அறிவிக்கும் உயிரணுக்கள் நிணநீர்க் கணுக்களுக்குச் செல்வதும் இவ்வழியேதான். 1622இல் இத்தாலியரான காஸ்பாரே அசெல்லி ஒரு நாயின் வயிற்றில் பால்நிற இழைகளாக இவற்றைக் கண்டார். எனினும் இரத்த ஓட்டம் பெற்ற கவனத்தில் சிறு பங்கையும் நிணநீர் நெடுங்காலம் பெறவில்லை.

இந்நாளங்கள் புதிதாகக் கிளைப்பதற்கான முதன்மை ஆணை, 1996இல் பின்லாந்தின் காரி அலிட்டாலோ குழுவினர் பிரித்தறிந்த விஇஜிஎஃப்-சி என்னும் வளர்ச்சிப் புரதமாகும். அழற்சி மூண்ட திசுவில், உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்களான சைட்டோகைன்கள் தூண்ட, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் இப்புரதத்தைச் சுரக்கின்றன. அது நாளச் சுவரிலுள்ள ஏற்பியில், அதாவது அப்புரதத்தை அறிந்து பற்றும் மூலக்கூறில், பொருந்தியதும் சுவரின் உயிரணுக்கள் பெருகிக் கிளைவிடுகின்றன. அழற்சியே அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையையும் கூட்டிவிடுவதால், ஆணை உரக்க ஒலிக்கும் வேளையில் கேட்கும் செவிகளும் மிகுகின்றன எனலாம்.

தூண்டும் அழற்சியே தடுப்பையும் உடன் கொண்டுவருகிறது என்பதுதான் இதில் வியப்புக்குரியது. டி-வகை வெள்ளையணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா இவ்வளர்ச்சியை அடக்குகிறது. கண்ணின் முன்புறத் தெளிபடலமான கார்னியாவோ தடுப்பை நிரந்தரமாகவே வைத்திருக்கிறது. அங்கே கரைந்த நிலையிலுள்ள ஓர் ஏற்பி விஇஜிஎஃப்-சியை இடையிலேயே பற்றிக்கொள்வதால், நாளம் எதுவும் உள்ளே முளைப்பதில்லை. கடும் அழற்சியில் இக்காவல் தளர்ந்து நாளங்கள் புகுந்துவிட்ட கண்ணில், மாற்றிப் பொருத்திய கார்னியாவை உடல் புறக்கணிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

மூட்டழற்சி கண்ட எலிகளிடம் நிலைமை நேர்மாறானது: அங்கே நாள வளர்ச்சியைத் தடுத்தால் வீக்கம் மோசமாகிறது. ஆகவே வளர்ச்சி நன்மையா தீமையா என்பதை உறுப்பறிந்தே சொல்ல இயலும். மைக்கோபிளாஸ்மா கிருமி தொற்றிய எலிகளின் மூச்சுக்குழாயை ஆராய்ந்தவர்கள் 2005இல் மற்றொன்றையும் காட்டினர்: மருந்தால் தொற்று நீங்கியபின் இரத்தக் குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்பின; அழற்சியின்போது முளைத்த நிணநீர் நாளங்களோ அப்படியே நின்றுவிட்டன.