பழைய கணினியும் சிக்கனச் செலவும்

மேசைக் கணினி தளர்ந்துவிட்டால் புதியது வாங்குவதே வழி என எண்ணுவோர் பலர். சிறு வருவாயுள்ள குடும்பத்துக்கு அது எளிதன்று. ஆயினும் முறையறிந்து செலவிட்டால் பழைய பொறி மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.

முதலிற் கவனிக்கத்தக்கது வன்தட்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்தே தகவலைத் தேடுகின்றது. தாமதத்துக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். அசையும் உறுப்பு எதுவுமற்ற எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால் அக்குறை நீங்கும்.

அடுத்த சம்பளத்தில் நினைவகத்தை 4 ஜிகாபைட்டிலிருந்து 8 ஆக்கலாம். ஆனால் டி.டி.ஆர். 3 பொருந்தும் இடத்தில் டி.டி.ஆர். 4 நுழையாது, தாய்ப்பலகை ஏற்கும் வகையை அறிந்த பின்னரே கடைக்குச் செல்லவேண்டும்.

செயலியைக் கடைசிக்கு விடுவதே விவேகம். அதனை மாற்றப் புகுந்தால் தாய்ப்பலகையும் நினைவகமும் உடன் மாற நேரிடலாம்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டும் தகுதி பல பழைய கணினிகளுக்கு இல்லை. அவற்றுக்கு, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் கைகொடுக்கும்.

இன்று வாங்கும் எஸ்.எஸ்.டி. நாளைய புதுக் கணினிக்கும் பெரும்பாலும் உதவும். ஆகவே, நேயர்களே, உடன் கொண்டுசெல்லக்கூடிய பொருளுக்கே முதற்பணம் செல்லட்டும்.