வீட்டுத் துணியில் முகக்கவசம்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொரோனா நோயின் பொருட்டு நம் நாட்டில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, முகக்கவசம் பெறுதல் அரிதாயிற்று. அவ்வேளையிற் பல இல்லங்களுக்குக் கைகொடுத்தவை பெட்டியிற் கிடந்த பழந்துணியும் ஊசியும் நூலுமே. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நோய் பற்றிய சர்வதேச அவசரநிலை நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும், இருமலும் தடிமனும் நம்மை விட்டு நீங்கவில்லை. ஆதலின் அக்கைத்தொழிலை மறத்தல் தகாது.

இது புதிய வழக்கமன்று. 1910, 1911ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவிற் கொள்ளைநோய் பரவியபோது, பினாங்கிற் பிறந்த மருத்துவர் வூ லியென் தே, அந்நோய் மூச்சின் வழியே தொற்றுகிறதெனக் கண்டு, பஞ்சை உள்ளே வைத்த மெல்லிய துணிக் கவசத்தை அணியச் செய்தார். அதனை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெனி அந்நோய்க்கே இரையானார்.

பேசும்போதும் இருமும்போதும் வாயினின்று நுண்ணிய நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. துணி அவற்றைத் தடுக்கிறது. எனவே துணிக் கவசம் அணிபவரைக் காட்டிலும் அவர் எதிரே நிற்பவரையே பெரிதும் காக்கிறது.

இனி, தைக்கும் முறையைக் கூறுவேன். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகளினூடே ஒளி தாராளமாகத் தெரியுமாயின் அது பயன்படாது. இழுத்தால் நீளும் துணியும் ஆகாது. நெருக்கமாக நெய்த சாரமோ தலையணை உறையோ நன்று. நீளம் 10 அங்குலமும் அகலம் 6 அங்குலமுமாக மூன்று துண்டுகள் வெட்டுக. உட்புறத்துக்கும் நடுவுக்கும் பருத்தித் துணியையும், வெளிப்புறத்துக்கு ஈரத்தை எளிதில் ஏற்காத பொலியெஸ்ரர் துணியையும் கொள்க. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீண்ட ஓரங்களைக் கால் அங்குலம் மடித்துத் தைக்கவும். குறுகிய ஓரங்களை அரை அங்குலம் மடித்துத் தைத்தால், நாடா கோக்கும் வழி உண்டாகும். நாடாவைக் கோத்து, முகத்துக்கு இசைய ஓரங்களைச் சுருக்கி, நாடா நழுவாதபடி ஒரு தையல் இடுக. உட்புறத்தை அடையாளங் காண அங்கே நிற நூலால் ஒரு புள்ளி தைத்து வைத்தல் நலம்.

மூக்கும் வாயும் நாடியும் நன்கு மூடப்படல் வேண்டும். பக்கங்களில் இடைவெளி இருத்தலாகாது. நாடாவைப் பிடித்தே கழற்றுக. நாள்தோறும் சவர்க்காரமிட்டுச் சுடுநீரிற் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே மீண்டும் அணிக. நனைந்ததை உடனே மாற்றுக. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், மூச்சுவிட வருந்துவோருக்கும், தாமே கழற்ற இயலாதவருக்கும் அணிவித்தல் ஆகாது. நோயாளரைப் பராமரிப்போருக்கு மருத்துவக் கவசமே வேண்டும். துணிக் கவசம் அதற்கு ஈடாகாது.

இத்தையலைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதென ஒதுக்காது, ஆண்பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள். தடிமன் கொண்ட மாணவன் தான் தைத்த கவசத்தை அணிந்து வகுப்பில் அமர்வானாயின், அருகிலிருப்பவனின் நலத்தையும் தன் பொறுப்பென அவன் உணர்ந்தவனாவான். பாடநூல்கள் பல பக்கங்களிற் கூறும் பிறர்நலத்தை ஒரு முழத் துணி அவனுக்குக் கற்பித்துவிடும்.