38 நாள் கணக்கு

(ஸ்ரீரங்கத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து காவேரிப் பாலத்தைத் தாண்டி வரும்போது பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சட்டை, பெரிய பை, மோட்டார் சைக்கிள், வெயிலில் கறுத்த முகம். மாம்பழச்சாலைத் திருப்பத்தில்கூட ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் போனிலுமாகப் போகிறார்கள். இவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். மில்லில் ஆள் எடுக்கவில்லை, வாழைத் தோட்டத்தில் வருஷம் முழுவதும் வேலை கிடையாது. பையன் சொமாட்டோவில் சேர்ந்துவிட்டான். அந்த சொமாட்டோவை ஆரம்பித்தவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவர் பெயர் தீபிந்தர் கோயல். பஞ்சாபில் முக்த்சர் ஊர்க்காரர். தாய் தகப்பன் இருவரும் ஆசிரியர்கள். பிறவிப் பணக்காரர் அல்ல. டில்லி ஐ.ஐ.டி.யில் 2005-ல் படிப்பை முடித்து ஒரு ஆலோசனைக் கம்பெனியில் சேர்ந்தார். மதியம் ஓட்டல் விலைப்பட்டியலைப் பார்க்க ஆபீஸில் கியூ நிற்கும். அந்தப் பட்டியல்களை இவர் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தார். அந்த யோசனையிலிருந்துதான் 2008-ல் பங்கஜ் சத்தா என்ற கூட்டாளியோடு இன்டர்நெட் கம்பெனி தொடங்கியது. 2010-ல் அதற்குச் சொமாட்டோ என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தொழில் 2015-ல் வந்தது. 2021-ல் பங்கு மார்க்கெட்டுக்குப் போய் கோடி கோடியாகச் சேர்ந்தது.

பணம் சேர்ந்தபின் ஆயுள்மீது ஆசை வந்தது. கருவியும் மருந்தும் உணவுக் கணக்குமாகத் தன் உடம்பையே பட்டறையாக்கிக்கொள்வதற்கு பயோஹேக்கிங் என்று பெயர். உலகத்துப் பணக்காரர்களிடையே இது இப்போது பெரிய மோகம். கோயல் 2025-ல் தன் சொந்தப் பணம் 2.5 கோடி டாலரை, அதாவது 200 கோடி ரூபாய்க்கு மேல், ஆயுள் ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அளக்க நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்றையும் காட்டினார். அதன் பெயர் ‘டெம்பிள்’. இங்கிலீஷில் நெற்றிப்பொட்டுக்கும் அதே சொல், கோயிலுக்கும் அதே சொல். கோயில் என்றாலே நம் ரங்கநாதர் கோயில்தான் என்று நினைக்கிற இந்த ஊரில் அதை விற்க வந்தால் நல்ல வேடிக்கையாக இருக்கும்!

அவர் சொல்லும் தத்துவம் இது: மனிதன் நிமிர்ந்தே இருப்பதால் பூமியின் ஈர்ப்பு ரத்தத்தைக் கீழே இழுக்கிறது, மூளைக்கு ரத்தம் குறைகிறது, அதனால் முதுமை விரைந்து வருகிறது. தலையைக் கீழே வைத்தால் நல்லதாம். போதிய நிரூபணம் இல்லை என்று டாக்டர்கள் மறுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். தலையைக் கீழே வைத்தால் முதுமை தள்ளிப்போகுமென்றால், காலையிலிருந்து பொழுது சாயும்வரை சேற்றில் குனிந்து நாற்று நடுகிற நம் பெண்களுக்கு நரையே வரக்கூடாதே! நாற்பது வயதில் இடுப்பு ஏன் போகிறது?

அமெரிக்காவில் பிரையன் ஜான்சன் என்று இன்னொருவர். பிரெயின்ட்ரீ என்ற பணப் பட்டுவாடாக் கம்பெனியை 2013-ல் 80 கோடி டாலருக்கு விற்றவர். 2023-ல், இளமை திரும்புமா என்று பார்க்க, 17 வயது மகனின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். பலன் ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு அவரே சொன்னார். மகனிடம் இளமையைக் கடன் கேட்ட யயாதி ராஜா கதையை நம் பாட்டிமார் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

ஆராய்ச்சி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மனிதன் நீடித்து வாழ்வது நல்லதுதான். கோயல் தொழிலாளியின் பாட்டை அறியாதவருமல்ல. 2024 அக்டோபரில் டெலிவரி ஆள் வேஷத்தில் குருகிராமில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போனார். படி வழியாகத்தான் ஏறவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது மாடிவரை ஏறினார், பிறகு அதைக் கண்டித்து எழுதினார். சரி. ஆனால் 2025 டிசம்பர் 25-லும் 31-லும் அந்தத் தொழிலாளிகள் கூலிக்காகவும் பாதுகாப்புக்காகவும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் என்ன பதில் சொன்னார்?

2026 ஜனவரியில் சில எண்களை வெளியிட்டார். 2025-ல் ஒரு மணி நேரத்துக்குச் சராசரி வருமானம் 102 ரூபாய். பெட்ரோல், வண்டிச் செலவு இதற்குள்ளேதான், சுமார் ஐந்தில் ஒரு பங்கு. சராசரி ஆள் வருஷத்தில் வேலை செய்வது 38 நாள். 250 நாளுக்கு மேல் ஓடுபவர்கள் நூற்றுக்கு 2.3 பேர். ஆகவே இது நிரந்தர வேலை அல்ல, பிராவிடண்ட் ஃபண்டு கேட்பது பொருந்தாது என்பது அவர் வாதம்.

இந்த 38-ஐ மறந்துவிடாதீர்கள். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. இத்தகைய கம்பெனிகள் ஆண்டு வரவில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை தொழிலாளர் நிதிக்குக் கட்டவேண்டும். தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவிகிதம் உச்சவரம்பு. நல்லதுதானே என்பீர்கள். டிசம்பர் 30-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட வரைவு விதிகளைப் படித்தால் கொக்கி தெரியும். சலுகை பெற ஒரு கம்பெனியில் வருஷத்துக்கு 90 நாள் வேலை செய்திருக்கவேண்டும். பல கம்பெனிகளுக்கு ஓடினால் மொத்தம் 120 நாள். கோயலின் சராசரி ஆளுக்கு 38. கதவுக்கு வெளியே நிற்கிறான்!

மில் தோழர்களுக்கு இது புதிதல்ல. 240 நாள் கணக்கு உங்களுக்குத் தெரியும். கணக்கு நெருங்கும்போது பதிலித் தொழிலாளிக்கு வேலை இல்லை என்று கேட்டில் திருப்பியனுப்பிய கதையை இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே மேஸ்திரி நிறுத்தினான். இங்கே போனில் ஐ.டி.யை முடக்கிவிட்டால் போதும். யாரிடம் போய் முறையிடுவது?

வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்தக் கம்பெனிக்கு ஓடினோம், எவ்வளவு வந்தது என்று தினமும் நோட்டில் எழுதட்டும். ஒரு ரூபாய் சம்பாதித்தாலும் அது ஒரு நாள்தான். ஒரே தேதியில் மூன்று கம்பெனிக்கு ஓடினால் மூன்று நாள் என்று அந்த வரைவே சொல்கிறது. போனில் காட்டும் வருமானக் கணக்கையும் படம் எடுத்து வைக்கட்டும். இ-ஷ்ரம் பதிவு செய்யாதவர்கள் ஆதார் அட்டையோடு வரட்டும், கூட்டம் முடிந்ததும் தோழர்கள் அந்த மேஜையருகே இருப்பார்கள்.