விலை இறங்கட்டும் என்று காத்திருந்த கதை

(நமது அறக்கட்டளையின் குடும்ப ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் அலுவலகத்துக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வருகிறவர்களில் சிலர் காசில்லாதவர்கள் அல்லர். காசை மனையில் போட்டுவிட்டு, விலை ஏறட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்கள். மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. மனையை வாங்க ஆளில்லை. இன்னும் சிலர், விலை இறங்கட்டும் என்று பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாடகை வீட்டில் வயதைக் கழித்தவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் நானும் ஒருவன். எனவே யாரையும் குறை சொல்ல வரவில்லை.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்போது ஒரு சின்ன வீட்டுக்கு விலை பேசி முடிக்கும் நிலையில் இருந்தேன். "பொறுங்க பாய், ஆறு மாசத்துல பாதி விலைக்கு வரும்" என்றார்கள். சொன்னவர்கள் எல்லாம் விவரமானவர்கள். பொறுத்தேன். வீட்டுக்காரர் விலையைக் குறைக்கவில்லை. "இப்ப விக்கிற எண்ணம் இல்ல" என்று சொல்லிவிட்டார். அவசரமில்லாதவர் அப்படித்தான் செய்வார். தங்கத்தைப் போல வீட்டுக்கு அன்றாட விலைப் பலகை கிடையாது. மூன்று வருட வாடகை போனது. சேர்த்ததில் ஒரு பகுதி வாப்பாவின் வைத்தியத்துக்குப் போனது. கடைசியில் அதே தெருவில், அதைவிடச் சின்ன வீட்டை, அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கினேன். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள்.

என் மச்சான் சபராளி. அவர் செய்தது நேர்மாறு. அதே 2016 தொடக்கத்தில், அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு ஒன்றில் மூன்று மனைகளுக்கு முன்பணம் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டார். கிரயத்துக்கு முன்பே கைமாற்றிவிட்டு லாபம் பார்ப்பது திட்டம். செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு தடை தளர்ந்தது. வரன்முறை விதிகளும் வந்தன. அதற்குள் அக்ரிமெண்ட் கெடு முடிந்து, முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. விலை ஏறும் என்று அவர் போட்ட கணக்கில் பிழை இருந்ததா, தெரியாது. கோர்ட் உத்தரவை அவர் எப்படிக் கணித்திருக்க முடியும்?

அரசாங்கமும் அப்படித்தான். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம் தனி. 20 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினால் 1 லட்சத்து 80 ஆயிரம் பதிவிலேயே போய்விடும். புரோக்கருக்கு வாங்கும்போது ஒரு சதவீதம், விற்கும்போது ஒரு சதவீதம் என்று வைத்தாலும் மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். அந்த அளவு விலை ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். லாபம் அதற்குப் பிறகுதான். "வாங்கி ஒரு வருஷத்துல தள்ளிவிட்டுடலாம்" என்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

விலை நிஜமாகவே விழுந்தால்? 2008 இறுதியில் துபாயில் விழுந்தது. ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதியானது. அந்த நேரத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் வேலையிழந்து திரும்பினார்கள். மலிவாகக் கிடைத்தது, வாங்கக் கையில் பணமில்லை. நாம் வட்டிக் கடனைத் தவிர்த்து ரொக்கத்தில் வாங்குகிறவர்கள். நமக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஒன்று சொல்ல மறந்தேன். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. விற்பதற்கென்றே வாங்கிய மனைக்கு, விற்காவிட்டாலும், ஆண்டுதோறும் அன்றைய மதிப்பில் ஜகாத் உண்டு. விவரம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடியிருக்க வீடு வேண்டும், பணம் இருக்கிறது, பத்திரம் சுத்தமாக இருக்கிறது என்றால் வாங்கிவிடுங்கள். குமர் காரியத்துக்கும் வைத்தியத்துக்கும் வைத்த பணத்தை மனையில் போடாதீர்கள். முன்பணம் கொடுக்குமுன் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, மனை அங்கீகார எண் மூன்றின் நகலையும் கொண்டுவாருங்கள். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில்தான் இருப்பேன். பத்திரம் எழுதும் நம் சகோதரர் ஒருவரும் சனிக்கிழமை வருகிறார். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.