பழைய வீடியோ நாடாக்களைக் காப்போம்

(மெர்லிமாவில் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



நம் இல்லங்கள் பலவற்றில் பழைய வீடியோ நாடாக்கள் உறங்குகின்றன. பிள்ளைகளின் திருமணம், கோயில் திருவிழா, மறைந்த பெற்றோரின் முகம் ஆகியன அவற்றில் உள்ளன. பால்மரங்கள் அழிந்து செம்பனை வந்த தோட்டங்களிலும், லயங்கள் அகற்றப்பட்ட இடங்களிலும் வாழ்ந்தோருக்கு அந்நாடாக்கள் அரிய சான்றுகளாகும்.

சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் முறையையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். முறையையும் வெளியிட்டன. போட்டியில் வென்ற வி.எச்.எஸ். கருவியின் உற்பத்தியும் 2016இல் நின்றுபோயிற்று. நாடாவின் காந்தப் பூச்சும் காலப்போக்கில் நலிவடைகிறது. ஆகவே, அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றுவது இன்றியமையாதது.

எந்த வடிவில் மாற்றுவது? எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. என்பன வாளிகளைப் போன்றவை. வாளிக்குள் இருப்பது எவ்வகைப் பதிவு என்பதே முக்கியம்.

எம்.பி.4 கோப்பில் பெரும்பாலும் எச்.264 முறை பயன்படுகிறது. நம் நாட்டு வீடியோவில் நொடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. இம்முறை அவற்றுள் சிலவற்றையே முழுமையாக வைத்து, ஏனையவற்றுக்கு மாற்றங்களை மட்டும் குறித்துக்கொள்கிறது. அதனால் கோப்பு சிறுத்து, கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் எளிதில் ஓடும். ஆனால், வெட்டி ஒட்டித் தொகுத்து மீண்டும் மீண்டும் பதிந்தால் தெளிவு குறையும்.

டி.வி. எனப்படும் முறையில் ஒவ்வொரு படமும் தனித்து நிற்கும். தொகுப்பதற்கு அதுவே ஏற்றது. ஆயினும், ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் கொள்ளும்.

நீங்கள் சீவிச் சேர்க்கும் பாலைக் கொண்டு எதையும் செய்யலாம். ஷீட்டாக்கிப் புகையூட்டிய பின் அதை மீண்டும் பாலாக்க இயலுமா? இதுவும் அவ்வாறே.

ஆதலின், கடைக்காரரிடம் இரண்டு பிரதிகள் கேளுங்கள். பெரிய கோப்பு பாதுகாப்பதற்கும் தொகுப்பதற்கும், எம்.பி.4 பார்த்து மகிழ்வதற்கு. ‘ஃபேட் 32’ முறையிலுள்ள பென் டிரைவ் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. பெரிய கோப்பை ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். மற்றொரு பிரதியை வேறு வீட்டில் வைப்பது நலம்.

பூஞ்சணம் பிடித்த நாடாவைக் கருவியில் செலுத்தாதீர்கள். முதலில் துப்புரவு செய்விக்க வேண்டும். மாற்றிய பின்னரும் நாடாவை வீசிவிடாதீர்கள்.

நம் பெற்றோர் உழைத்து வாழ்ந்த வாழ்வைப் பேரப்பிள்ளைகள் கண்ணால் காண வேண்டுமாயின், இப்பணியை இன்றே தொடங்குவோமாக!