பிளாஸ்ரிக் எண்ணெயும் வன்னி உழவரும்

(செட்டிகுளத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பிளாஸ்ரிக்கிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்பது மாயமன்று, உண்மையே. காற்றுப் புகாத கலத்திலிட்டு 400 முதல் 500 பாகை வரை வெப்பமேற்றினால், பொலித்தீனின் நீண்ட சங்கிலிகள் அறுந்து ஆவியாகி, குளிர்ந்ததும் எண்ணெயாகின்றன. ஆனால் அந்த எண்ணெயை அப்படியே உழவு இயந்திரத்தில் ஊற்றலாம் என்று எவரேனும் கூறுவாராயின், நம்பாதீர்கள். அறுந்த சங்கிலிகள் அமைதியாயிருப்பதில்லை. நாளடைவில் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகி, வடிகட்டியை அடைத்து இயந்திரத்தைக் கெடுக்கும்.

அதனைச் செம்மைப்படுத்தத் தகுந்த இடம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமே. அங்கே டீசலிலுள்ள கந்தகத்தை நீக்க, 300 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் உயர் அமுக்கத்திலும், ஊக்கியின் மேலாக ஐதரசனுடன் அதனைச் செலுத்துகின்றார்கள். பிளாஸ்ரிக் எண்ணெயையும் சிறு பங்காக அதனுடன் கலந்து அனுப்பினால், அறுந்த இடங்களை ஐதரசன் நிரப்பிவிடும். பின்லாந்தின் நெஸ்தே நிறுவனம் 2020 இல் 400 தொன் பிளாஸ்ரிக் எண்ணெயைச் சுத்திகரிப்பு நிலையத்திற் பதப்படுத்திக் காட்டியது. இந்தியாவின் ஜாம்நகரில் ரிலையன்ஸ் நிறுவனம் இத்தகைய எண்ணெயிலிருந்து மீண்டும் பிளாஸ்ரிக்கே செய்து 2024 இல் அனுப்பியது.

ஏன் சிறு பங்கு மட்டும்? இந்த எண்ணெய் ஐதரசனைப் பேராவலுடன் குடிக்கும், வெப்பம் கட்டுமீறும். அதிலுள்ள சிலிக்கன் ஊக்கியின் மேற் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். எல்லாவற்றிலும் கொடியது குளோரீன். அது அமிலமாகி, அமோனியாவுடன் கூடி, ஈயம் பூசுவோர் அறிந்த நவச்சாரமாகக் குழாய்களில் உறைந்து உருக்கையே அரித்துவிடும்.

அந்தக் குளோரீன் எங்கிருந்து வருகிறது? நம் முற்றத்திலிருந்து! நாம் எறியும் நீர்க்குழாயிலுள்ள பி.வி.சி.யின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 57 பங்கு குளோரீன். பசளைப் பையோடு அதுவும் ஒரே குவியலிற் சேர்ந்தால், எத்துணைப் பெரிய நிலையமும் அந்த எண்ணெயை ஏற்கத் தயங்கும். அந்தக் குவியலை வயலோரத்திலே கொளுத்துவதோ இன்னும் கேடு. நஞ்சு நம் பிள்ளைகளின் மூச்சிற் கலக்கிறது.

இந்நாட்டில் இன்றுள்ள ஒரே சுத்திகரிப்பு நிலையம் 1969 இல் தொடங்கிய சப்புகஸ்கந்தை. செட்டிகுளத்துக் குப்பை அவ்வளவு தூரம் செல்ல யார் பணம் கொடுப்பது? பொலித்தீனை இறக்கி விற்று இலாபமடைந்தவரா, அதில் பசளை வாங்கிய உழவனா? இலாபமடைந்தவரே கொடுக்கட்டும் என்பது நம் கோரிக்கை. எண்ணெயாக்கினாலும் அது எரிந்து புகையாவதே. ஆகவே வாங்கும் பொலித்தீனைக் குறைப்பதை இது தள்ளிவைக்கக் கூடாது.

வன்னியில் எண்ணெய்க் கலம் நிறுவுகிறோம் என்று நாளை எவர் வந்தாலும், மூன்று கேள்விகள் கேளுங்கள்: எண்ணெய் எந்த நிலையத்துக்குப் போகும்? எஞ்சும் கரியை எங்கே கொட்டுவீர்கள்? புகையை அளப்பவர் யார்? விடையை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை பசளைப் பை ஒரு சாக்கில், குழாய்த்துண்டு வேறொரு சாக்கில், கிருமிநாசினிப் போத்தல் இரண்டிலும் சேராமல் தனியே இருக்கட்டும். பிரித்தவற்றை மீண்டும் கலக்காமல் ஏற்றிச் செல்லும் வண்டியைப் பிரதேச சபையிடம் இவ்வாரமே மனு எழுதிக் கேட்போம்.