'டேக் பிளேஸ்': நடந்ததும் நடத்தியதும்



சில மாதங்களுக்கு முன் நாம் பிறந்து வளர்ந்த கோலா சாவாவிற்குச் சென்றிருந்தோம். மலாய் மொழியில் 'கோலா' என்பது ஆற்று முகம். 'சாவா' என்பது நெல்வயல். தமிழ்ச் செவிக்கோ 'சாவா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக ஒலிக்கும். இளமையில் இலக்கணம் படித்த நாள்முதல் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. அது நிற்க.

உறவினர் வீட்டில், இடைநிலைப் பள்ளியில் பயிலும் பேத்தி ஒருத்தி தன் ஆங்கிலக் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். கோயில் திருவிழாவைப் பற்றிய கட்டுரை அது. 'தி ஃபெஸ்டிவல் வாஸ் டேக்கன் பிளேஸ்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து 'டுக் பிளேஸ்' என்று திருத்தியிருந்தார். 'இது ஏன் தப்பு, தாத்தா?' என்று கேட்டாள்.

விடை எளியது. 'டேக்' என்னும் ஆங்கில வினை தனித்து நிற்கையில் செயப்படுபொருளை வேண்டும். 'பிளேஸ்' என்பதோடு சேர்ந்து 'நிகழ்தல்' என்னும் பொருளைத் தரும்போது, தொடர் முழுவதும் ஒரே வினையாகி, செயப்படுபொருள் குன்றியதாகிவிடும். ஆகவே அதற்குச் செயப்பாட்டுவினை வடிவம் இல்லை. திருவிழாவோ கூட்டமோ எழுவாயாக நிற்கலாம். அதனை நடத்தியவர் எழுவாயாக நிற்க இயலாது. 'வீ டுக் பிளேஸ் தி ஃபெஸ்டிவல்' என்பதும் பிழையே. நடத்தியவரைச் சொல்ல வேண்டுமாயின் 'ஹோல்ட்' போன்ற வேறொரு வினையைத் தேட வேண்டும்.

பேத்தி கேட்டுக்கொண்டாள். ஆயினும் அவளுடைய பிழை நம்மை விட்டு அகலவில்லை. அவள் ஏன் செயப்பாட்டுவினையைத் தேடினாள்? மலாயில் விழா, கூட்டம் முதலியவற்றிற்கு 'டியாடாகான்' என்பர். 'நடத்தப்பட்டது' என்பதே அதன் பொருள். விபத்துக்கு 'பெர்லாகு' என்பர். வீட்டுத் தமிழிலோ 'திருவிழா வச்சாங்க', 'கூட்டம் போட்டாங்க' என்பதே வழக்கு. விபத்தாயின் 'எக்சிடென்ட் ஆயிருச்சு' என்பர். மனிதர் கூடிச் செய்வதற்கு 'வை', 'போடு'. தானே வந்து சேர்வதற்கு 'ஆகு'. தோட்டத்து மக்கள் இவ்விரண்டையும் ஒருபோதும் மயக்குவதில்லை. திருவிழாவை யாரோ நடத்துகிறார்கள் என்னும் உணர்வு அச்சிறுமியின் இரு மொழிகளிலும் இருந்தது. அதனை ஆங்கிலத் தொடருக்குள் செலுத்த முயன்றாள்; அத்தொடர் அதற்கு இடம் தரவில்லை.

இனித் தமிழில் இத்தொடருக்கு நாம் வழங்கும் சொற்களைக் காண்போம். 'நிகழ்ந்தது', 'நடந்தது' என்பன பொதுவானவை. 'நடைபெற்றது' என்பது ஒழுங்குபடுத்தப்பட்ட நிகழ்ச்சிக்கு உரியது. கூட்டம் நடைபெறும், நிலநடுக்கம் நடைபெறாது. 'ஏற்பட்டது' என்பது விளைவுகளுக்கு உரியது. 'நடந்தேறியது' என்னும் சொல்லின்மீது நமக்குத் தனிப்பற்று உண்டு. 'நிறைவேறு', 'அரங்கேறு' என்பவற்றில் உள்ள 'ஏறு' என்னும் துணைவினை, தொடங்கியது இறுதிவரை சென்று முற்றியது என்பதைக் காட்டுகிறது. நம் நாட்டு நாளேடுகளில் 'இனிதே நடந்தேறியது' என்று காணும்போது, கோயில் பந்தலைப் பிரித்துவிட்டு மூச்சுவிடும் மனிதர்கள் நம் கண்முன் வருவதுண்டு.

'இடம்பெற்றது' என்பதே வழக்குக்கு உரியது. 'பட்டியலில் இவர் பெயர் இடம்பெற்றுள்ளது' என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் இலங்கைச் செய்தித்தாள்களில் 'விபத்து இடம்பெற்றது' என்பது இயல்பான வழக்கு. தமிழ்நாட்டு வாசகர் அதைக் கண்டு புருவம் உயர்த்துவர். ஆங்கிலத் தொடரின் அச்சுப்படி என்று ஒதுக்குவர். நாமும் பணியாற்றிய காலத்தில் மாணவர் ஏடுகளில் அதனை அடித்ததுண்டு. இன்று அவ்வாறு செய்யமாட்டோம். நிகழ்ச்சியை இடத்தோடு சேர்த்துச் சொல்வது ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு மொழியில் நிகழ்ச்சி 'இடம் கொள்கிறது'. ஜெர்மன் மொழியில் 'இடம் காண்கிறது'. இலங்கைத் தமிழர் பல்லாண்டுகளாக எழுதியும் படித்தும் வரும் சொல்லைப் பிழை என்று கூற, வேறொரு நாட்டுத் தமிழர்க்கு உரிமை இல்லை. நம் மாணவர்க்கு நாம் கூறுவது வேறு: நும் ஊரில் எவ்வழக்கு நிலவுகிறதோ அதில் எழுதுக.

நம் கவலை சொல்லின் பிறப்பைப் பற்றியதன்று. அது மறைப்பதைப் பற்றியது. வினை உணர்த்துவனவற்றை நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்துரைக்கையில் செய்பவனையே முதலில் வைத்தார். கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகியன அதன்பின் வந்தன. 'டேக் பிளேஸ்' என்னும் தொடரில் செயலும் காலமும் உண்டு, செய்பவர் இல்லை. 'நடைபெற்றது' என்பதும் அவ்வகையினதே. 'நட' என்னும் தன்வினை 'நடத்து' என்னும் பிறவினையாகும்போதுதான் மனிதர் வாக்கியத்திற்குள் நுழைகிறார்.

இந்நாட்டின் தோட்ட வரலாற்றை எழுதுவோர்க்கு இது சிறிய செய்தியன்று. 1950களிலும் 1960களிலும் ஐரோப்பியருக்குச் சொந்தமான பல ரப்பர் தோட்டங்கள் விற்கப்பட்டு, சிறு சிறு துண்டுகளாகக் கைமாறின. வேலையும் குடியிருப்பும் ஒருசேரப் பறிபோயின. அதனைத் தடுக்கும் முயற்சியாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அக்காலக் கொடுமைக்கு மலேசியத் தமிழர் வழங்கிய பெயர் 'துண்டாடல்'. 'துண்டாடு' என்பது செயப்படுபொருள் குன்றாவினை. எதனை, யார் என்னும் வினாக்கள் அச்சொல்லோடு பிறக்கின்றன. 'தோட்டங்களில் மாற்றம் நிகழ்ந்தது' என்று எழுதிப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்ததுபோல் இருக்கும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நாம் புகுமுக வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு. தோட்டம் கைமாறியிருந்தது. காலையில் பெரட்டு முடிந்ததும் ஒரு கடிதம் லயத்திற்கு வந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. பிள்ளைகளில் ஆங்கிலம் அறிந்தவன் என்று நம்மை அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். குடியிருப்பு மாற்றம் இன்ன மாதத்தில் 'டேக் பிளேஸ்' ஆகும் என்றிருந்தது. பள்ளியில் கற்ற பெருமிதத்தோடு 'இடமாற்றம் நடைபெறும்' என்று மொழிபெயர்த்தோம்.

வாசலில் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் நிமிர்ந்தார். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். 'அது எப்படிப்பா தன்னால நடைபெறும்? யாரு நடத்துறா? அதுல போட்டிருக்கா, பாரு' என்றார்.

நாம் மீண்டும் படித்தோம். பெயர் எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பில் தவறிவிட்டோமோ என்றஞ்சி, 'மாற்றம் வரும் பாட்டி, அவ்வளவுதான்' என்று சொல்லிச் சமாளித்தோம். பெரியவர்கள் கலைந்து சென்றனர். யாரிடம் சென்று கேட்பது என்று அறியாமலேயே அம்மாதம் வந்தது. மூன்று லயங்களிலிருந்த குடும்பங்கள் சிரம்பானுக்கும் பிற ஊர்களுக்கும் பிரிந்து சென்றன.

நாம் செய்த மொழிபெயர்ப்பில் இலக்கணப் பிழை இல்லை. மூலத்தில் இல்லாத பெயரை இட்டு நிரப்பவும் மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை இல்லை. ஆனால் பாட்டி கேட்டது மொழிபெயர்ப்பை அன்று. இன்று அக்கடிதம் நம் கைக்கு வருமாயின் 'இடமாற்றம் நடைபெறும்' என்றே படித்துவிட்டு, ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்வோம்: 'யார் செய்யப்போகிறார்கள் என்று இதில் எழுதவில்லை, பாட்டி, வாருங்கள், ஆபீசுக்குப் போய்க் கேட்போம்.'